கொல்லும் எந்திரத்தை ரசிக்கலாமா?

ஒரு குழந்தையிடம் காகிதத்தைக் கொடுத்து ராக்கெட் வரையச் சொல்லுங்கள். கூரான மூக்கு, நடுவில் கொஞ்சம் பருத்த உடம்பு, அடியில் இறக்கைகள். குழந்தைக்குத் தெரியாது, அது வரைவது வி-2. இரண்டாம் உலகப் போரில் ஹிட்லரின் ஜெர்மனி செய்த ஏவுகணை. 14 மீட்டர் உயரம், கிளம்பும்போது ஏறக்குறைய 12.5 டன் எடை, மூக்கில் சுமார் ஒரு டன் வெடிகுண்டு. மனிதன் செய்த பொருள்களில் முதன்முதலாக விண்வெளிக்குப் போனதும் இதுதான், 1944ல். இன்றைக்கு வாஷிங்டன், லண்டன், மியூனிக் மியூசியங்களில் நிற்கிறது. வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்து "அடேயப்பா" என்கிறார்கள்.

அந்த "அடேயப்பா"வில் தப்பு ஏதாவது இருக்கிறதா என்பதுதான் இங்கே கேள்வி. போர் விமானம், நீர்மூழ்கிக் கப்பல், டாங்கி என்று எதைப் பார்த்து வாய் பிளந்தாலும் இந்தக் கேள்வி உண்டு. இதற்குப் பலரும் கைவசம் இரண்டு பதில் வைத்திருக்கிறார்கள். "எந்திரத்துக்கு என்ன தெரியும்? தப்பு மனுஷன்மேல். நீ பாட்டுக்கு ரசி" என்பது ஒன்று. "இத்தனை பேரைக் கொன்றதைப் போய் ரசிக்கிறாயே" என்பது இன்னொன்று. இரண்டுமே அவசரப் பதில்கள். ஏன் என்று பார்க்க வி-2வைவிடத் தோதான உதாரணம் கிடையாது.

முதலில் ரசிக்க என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். எஞ்சினுக்குள் எரியும்போது வெப்பம் 2,500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். எஃகோ 1,500 டிகிரியை ஒட்டியே உருகிவிடும். அப்புறம் எஞ்சின் எப்படித் தாங்குகிறது? எரியறையின் சுவரை இரட்டைச் சுவராகச் செய்தார்கள். எரிபொருளான ஆல்கஹாலை நேராக உள்ளே அனுப்பாமல், முதலில் அந்த இரண்டு சுவர்களுக்கு நடுவே ஓடவிட்டார்கள். எரியப் போகிற திரவமே சுவரின் சூட்டை வாங்கிக்கொள்கிறது. வாங்கிய சூட்டோடு உள்ளே போய் எரிகிறது. அதுவும் போதாதென்று சுவரில் பொடித் துளைகள் போட்டு, உட்புறத்தில் ஆல்கஹால் மெல்லிய படலமாகப் படரும்படி செய்தார்கள். நொடிக்கு 120 கிலோவுக்கும் அதிகமாக ஆல்கஹாலும் திரவ ஆக்சிஜனும் உள்ளே பாய வேண்டும். அதற்கு ஒரு டர்பைன் பம்பு. அந்த டர்பைனைச் சுழற்ற, ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிதைத்து உண்டாக்கும் நீராவி. இத்தனை ஏற்பாடும் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடினால் போதும். அதற்குள் ராக்கெட் ஒலியைப்போல நான்கு மடங்கு வேகத்தைத் தாண்டிவிடும். மிச்ச தூரத்தை எறிந்த கல்லைப்போலக் கடந்து, 300 கிலோமீட்டருக்கு அப்பால் போய் விழும்.

எரிபொருளாலேயே சுவரைக் குளிர்விக்கும் யோசனை வி-2வுக்கு முன்பே இருந்ததுதான். ஆனால் இவ்வளவு பெரிய எஞ்சினில் அதை ஓடவைத்துக் காட்டியவர்கள், பால்டிக் கடலோரம் பீனமுண்டேயில் வேலை செய்த வெர்னர் ஃபான் பிரவுனின் குழுவினர். திருநெல்வேலிப் பக்கம் மகேந்திரகிரியில் இஸ்ரோ சோதிக்கும் கிரையோஜெனிக் எஞ்சினிலும் இதே தத்துவம்தான். அங்கே ஆல்கஹாலுக்குப் பதில் திரவ ஹைட்ரஜன். இதைப் படித்துவிட்டு மனசு துள்ளாத பொறியியல் மாணவர் யாராவது இருந்தால் அவர் வேறு படிப்புக்குப் போகலாம் என்பேன்.

சரி, அந்தக் கல் எங்கே விழுந்தது?

1944 செப்டம்பர் 8 மாலை, லண்டனின் சிஸ்விக் பகுதியில் ஒரு குடியிருப்புத் தெருவில் விழுந்தது. மூன்று பேர் இறந்தார்கள். அதில் ஒன்று மூன்று வயதுக் குழந்தை. சாதாரண விமானத் தாக்குதல் என்றால் சைரன் ஊதும், ஓடி ஒளியலாம். இது ஒலியை முந்திக்கொண்டு வருகிறது. வெடித்து வீடு சரிந்த பிறகுதான் அது வந்த இரைச்சலே கேட்கும். பிரிட்டிஷ் அரசு ஆரம்பத்தில் வாயே திறக்கவில்லை. கேஸ் குழாய் வெடித்துவிட்டது என்ற பேச்சு உலவியது. நாளுக்கு நாள் குழாய்கள் வெடித்துக்கொண்டே போனதும், "பறக்கும் கேஸ் குழாய்" என்று லண்டன்காரர்கள் நக்கலடித்தார்கள். இரண்டு மாதம் கழித்து நவம்பர் 10 அன்றுதான் சர்ச்சில் உண்மையைச் சொன்னார். அதே மாதம் 25ஆம் தேதி, சனிக்கிழமை மதியம், நியூ கிராஸ் பகுதியில் உல்வொர்த் கடையில் ஒன்று விழுந்து 168 பேர் இறந்தார்கள். டிசம்பர் 16 அன்று பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரில், ரெக்ஸ் தியேட்டரில் படம் ஓடிக்கொண்டிருந்தபோது விழுந்ததில் 567 பேர். மொத்தமாக வி-2 விழுந்து இறந்தவர்கள் சுமார் 5,000 பேர்.

இந்த இடத்தில் முதல் பதில்காரர் கையைத் தூக்குவார். "ஏவியவன் குற்றவாளி. ராக்கெட் என்ன செய்யும்?" என்பார். சமையல் கத்திக்கு இந்த வாதம் நன்றாகவே பொருந்தும். வி-2வுக்குப் பொருந்தாது. குறி வைத்த இடத்திலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி விழக்கூடிய ஆயுதம் அது. ஒரு தொழிற்சாலையையோ பாலத்தையோ நம்பி அடிக்க முடியாது. அதன் துல்லியத்துக்கு ஏற்ற ஒரே இலக்கு, தவறவே விட முடியாத அளவுக்குப் பெரிய நகரம். ஊர்மேல் போடுவது அதைத் தவறாகப் பயன்படுத்தியது ஆகாது. அதன் பயன்பாடே அதுதான்.

இதைவிடப் பெரிய சிக்கல் ராக்கெட் விழுந்த இடத்தில் இல்லை, செய்யப்பட்ட இடத்தில் இருக்கிறது.

1943 ஆகஸ்டில் பிரிட்டிஷ் விமானங்கள் பீனமுண்டேயைக் குண்டுவீசித் தகர்த்தன. உடனே உற்பத்தியை நிலத்தடிக்கு மாற்ற முடிவெடுத்தார்கள். நோர்ட்ஹவுசன் ஊருக்குப் பக்கத்தில் கோன்ஸ்டைன் என்ற குன்று. அதைக் குடைந்த சுரங்கங்கள். அங்கே வேலைக்குப் புகன்வால்ட் வதைமுகாமிலிருந்து கைதிகளைக் கொண்டுவந்தார்கள். சோவியத், போலந்து, பிரெஞ்சு ஆட்கள்தான் அதிகம். அந்த முகாமுக்கு டோரா என்று பெயர். முதல் சில மாதங்கள் கைதிகளுக்குக் குடிசைகூடக் கிடையாது. சுரங்கத்துக்குள்ளேயே நான்கடுக்குப் பலகைகளில் படுக்கை. ஒரு பக்கம் பாறைக்கு வெடி வைத்துக்கொண்டிருப்பார்கள், இன்னொரு பக்கம் ஷிப்ட் முடிந்தவர்கள் அந்தப் புழுதியிலும் ஈரத்திலும் தூங்க வேண்டும். எண்ணெய்ப் பீப்பாயைப் பாதியாக வெட்டி மேலே பலகை போட்டதுதான் கழிப்பிடம். குளிக்கத் தண்ணீர் கிடையாது. 1944 வசந்தம் வருவதற்குள் மட்டும் சுமார் 3,000 பேர் செத்துப்போனார்கள். நாசவேலை செய்ததாகச் சந்தேகப்பட்டவர்களை, ராக்கெட் பாகங்களைத் தூக்கும் கிரேனிலேயே தூக்கில் போட்டார்கள். மற்றவர்கள் அந்த உடல்களுக்குக் கீழே நடந்து வேலைக்குப் போக வேண்டியிருந்தது.

டோராவும் அதன் கிளை முகாம்களும் சேர்ந்த மிட்டல்பாவ்-டோரா முகாம்கள் வழியாகப் போனவர்கள் சுமார் 60,000 பேர். இறந்தவர்கள் ஏறக்குறைய 20,000. எல்லோரும் ராக்கெட் வேலையில் இருந்தவர்கள் அல்ல. ஆனால் ராக்கெட்டோடு தொடர்புள்ள சாவுகளை மட்டும் எடுத்தாலும் 10,000 வரும் என்பது வரலாற்றாய்வாளர்களின் கணிப்பு. அதாவது இந்த ஆயுதம் விழுந்து செத்தவர்களைவிட இதைச் செய்யும்போது செத்தவர்கள் அதிகம்.

ஃபான் பிரவுனுக்கு இது தெரியாதா என்றால், தெரியும். அவர் அந்தச் சுரங்கத்துக்குப் பலமுறை போயிருக்கிறார். திறமையான கைதிகளைத் தேர்ந்தெடுக்கத் தான் புகன்வால்ட் போய் வந்ததைப் பற்றி 1944 ஆகஸ்ட் 15 அன்று அவரே எழுதிய கடிதம் இருக்கிறது. நாஜிக் கட்சியிலும், வதைமுகாம்களை நடத்திய எஸ்.எஸ். படையிலும் உறுப்பினர். 1944 மார்ச்சில் நாஜி ரகசியப் போலீசான கெஸ்டாபோ அவரையே கைது செய்து சில நாள் உள்ளே வைத்திருந்ததும் உண்மைதான். அதை வைத்து அவரை எதிர்ப்பாளராகக் காட்டப் பார்ப்பவர்கள் உண்டு; எனக்கு அது ஒட்டவில்லை.

இனி தத்துவத்துக்கு வரலாம். 1790ல் ஜெர்மன் தத்துவஞானி கான்ட் ஓர் அரண்மனையை உதாரணமாகச் சொன்னார். ஜனங்களின் வியர்வையை இப்படி வீணான ஆடம்பரத்துக்குச் செலவழித்தார்களே என்று நீங்கள் அந்த அரண்மனையைத் திட்டலாம். திட்டுவதில் நியாயமும் இருக்கலாம். ஆனால் அது அழகாக இருக்கிறதா என்று கேட்டால் அது வேறு கேள்வி என்றார். அழகைப் பற்றிய தீர்ப்பும் அறத்தைப் பற்றிய தீர்ப்பும் தனித்தனி என்பது இந்தக் கட்சி. தஞ்சைக் கோயிலையோ தாஜ்மகாலையோ பார்க்கும்போது, கல் சுமந்தவனுக்குக் கூலி கிடைத்ததா என்று கேட்டுவிட்டா ரசிக்கிறோம்?

எதிர்க் கட்சி, ஒரு படைப்பின் அறக் குறை அதன் அழகையும் குறைத்துவிடும் என்கிறது. கொடுமையை ரசிக்கத் தூண்டுகிற கதை, அந்தக் காரணத்தாலேயே மோசமான கதை என்பது அவர்கள் வாதம்.

எனக்குக் கான்ட் சொல்வதில் பாதி சரியாகப் படுகிறது. கேள்விகள் இரண்டு என்பது உண்மை. ஆனால் எந்திரம் அரண்மனை அல்ல. எந்திரத்தின் அழகு, அது தன் வேலைக்கு எவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது என்பதில் இருக்கிறது. என்ன வேலை என்று கேட்காமல் அந்தக் கச்சிதத்தைப் பார்க்கவே முடியாது. வி-2வின் இறக்கைகள் அந்த அகலத்தோடு நிற்பதற்கு ஒரு காரணம் ரயில். போர்முனைக்கு ரயிலில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும், வழியிலுள்ள குகைப்பாதைகளில் இடிக்கக் கூடாது என்று ராணுவம் அளவு கொடுத்திருந்தது. குழந்தைகள் வரைகிற அந்த வடிவத்துக்குள்ளேயே போர் இருக்கிறது. வடிவத்தை மட்டும் ரசிக்கிறேன், நோக்கத்தோடு எனக்குச் சம்பந்தமில்லை என்று சொல்பவர் வடிவத்தையும் சரியாகப் பார்க்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

"ரசிக்கிறேன்" என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டாலும் உள்ளே வேறு வேறு சங்கதிகள் கலந்திருக்கின்றன. அந்த எஞ்சின் குளிர்விக்கும் உத்தியை ரசிப்பது ஒன்று. அது ஒரு கணக்குக்குக் கிடைத்த விடை. விடை யாருக்கும் சொந்தமில்லை, இடம்விட்டு இடம் போகும், மகேந்திரகிரிக்கும் வந்திருக்கிறது. அதை ரசிக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். அந்த ராக்கெட்டை, அந்தப் பொருளை ரசிப்பது இன்னொன்று. பொருளுக்கு ஊர் உண்டு, தேதி உண்டு, செய்த கைகள் உண்டு. அவற்றையும் சேர்த்துத்தான் அது அந்தப் பொருள்.

மூன்றாவது ஒன்று இருக்கிறது, அதுதான் ஆபத்தானது: வலிமையை ரசிப்பது. ஒரு நகரத்தை ஒரு பொத்தானில் அழிக்க முடியுமே என்கிற கிளுகிளுப்பு. இத்தாலியின் மரினெட்டி என்ற கவிஞர் 1909ல் ஓர் அறிக்கை வெளியிட்டார். வேகத்தையும் எந்திரத்தையும் புகழ்ந்துகொண்டே வந்தவர், போரைப் போற்றுவோம், உலகைச் சுத்தப்படுத்த அது ஒன்றே வழி என்று போய் நின்றார். கார் எஞ்சினின் உறுமலை ரசிக்கத் தொடங்கிய இயக்கம் அங்கே போய்ச் சேர அதிக தூரம் ஆகவில்லை. அந்த இயக்கத்தைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் சான்ட்எலியா 1916ல் போர்முனையில் செத்தார். குடியரசு தினத்தில் ஏவுகணை வண்டிகள் வரிசையாகப் போகும்போது நாம் கைதட்டுகிறோமே, அதில் இந்த மூன்றில் எது எவ்வளவு என்று அவரவர்தான் சொல்லிக்கொள்ள வேண்டும். நாட்டைக் காக்க ஆயுதம் வேண்டும் என்பது என் கருத்தும்தான். அந்தத் தேவையை ஒப்புக்கொள்வதற்கும் கிளுகிளுப்புக்கும் வித்தியாசம் உண்டு.

ஆயுதத்தை அலங்காரமாகப் பார்க்கிற பழக்கத்தைத் தமிழில் முதலில் கிண்டல் செய்தவர் ஔவையாராகத்தான் இருக்க வேண்டும். அதியமானுக்காகத் தூது போனவரிடம் தொண்டைமான் தன் ஆயுதச்சாலையைப் பெருமையாகக் காட்டினான். "இவை பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசி, காவலுள்ள மாளிகையில் இருக்கின்றன, அதியமானுடையவையோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் குடிலில் கிடக்கின்றன" என்று புகழ்வதுபோல இகழ்ந்துவிட்டார் (புறநானூறு 95). இது போருக்கு எதிரான பாட்டு அல்ல. அதியமானின் வீரத்தைத்தான் உயர்த்துகிறது. ஆனால் ஒன்று கவனியுங்கள்: ஆயுதம் அழகாக இருக்கிறதென்றால் அது வேலை செய்யாத இடத்தில் இருக்கிறது என்று பொருள். வாஷிங்டன் மியூசியத்தின் வி-2வுக்கு நெடுங்காலம் இருந்தது கறுப்பும் வெள்ளையுமான சோதனைக்கால வண்ணம். பறக்கும்போது ராக்கெட் எப்படிச் சுழல்கிறது என்று படம்பிடித்துப் பார்க்கப் பூசியது அது. லண்டன்மேல் விழுந்தவை அந்த வண்ணத்தில் போகவில்லை. மண்ணோடும் மரத்தோடும் கலந்து தெரியாமலிருக்கும் ராணுவ வண்ணத்தில் போயின. ஒரு பெயிண்ட் டப்பாவிலேயே ஆயுதம் அறிவியல் கருவி ஆகிவிடுகிறது.

அடுத்து, அடிக்கடி கேட்கும் வாதம்: "வி-2 இல்லாவிட்டால் நிலவுக்குப் போயிருக்க முடியுமா?" வரலாற்றுத் தொடர்பு உண்மைதான். போர் முடிந்ததும் அமெரிக்கா ஃபான் பிரவுனையும் அவர் ஆட்களையும் அழைத்துக்கொண்டது. 1946 அக்டோபர் 24 அன்று நியூ மெக்சிகோவிலிருந்து ஏவிய ஒரு வி-2தான் விண்வெளியிலிருந்து பூமியை முதன்முதலில் படமெடுத்தது. 1969ல் நிலவுக்கு ஆள் கொண்டுபோன சாட்டர்ன் 5, ஃபான் பிரவுன் தலைமையில் உருவானது. டோரா சுரங்கத்தில் உற்பத்தியைக் கவனித்த ஆர்தர் ருடால்ஃப், அமெரிக்காவில் அதே சாட்டர்ன் 5 திட்டத்தின் மேலாளராக இருந்தார். அவருடைய பழைய வேலையை அமெரிக்க நீதித்துறை தோண்டியெடுத்ததும் 1984ல் நாட்டைவிட்டுப் போய்க் குடியுரிமையைத் துறந்தார்.

இந்த வாதத்தில் கணக்கு இடிக்கிறது. கடன் வாங்கியவன் வேறு, அடைத்தவன் வேறு, லாபம் பார்த்தவன் வேறு. டோராவில் செத்த போலந்துக்காரருக்கு நிலாவால் என்ன கிடைத்தது? பிற்பாடு நல்லது நடந்ததால் முன்பு நடந்தது செலவுக் கணக்கில் சேர்ந்துவிடாது. தவிர, திரவ எரிபொருள் ராக்கெட்டை அமெரிக்கர் கொடார்டு 1926லேயே பறக்கவிட்டுவிட்டார்; கைதிகள் இல்லாமல்தான். ராக்கெட் பிறக்க அடிமைகள் கட்டாயம் தேவைப்பட்டார்கள் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. அவசரமாக ஆயிரக்கணக்கில் செய்யத்தான் தேவைப்பட்டார்கள்.

செய்கிறவரின் வியப்பும் பார்க்கிறவரின் வியப்பும் ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். தொழில்நுட்ப ரீதியில் இனிக்கிற ஒன்று கண்ணில் பட்டால் அதைச் செய்துவிடுகிறோம், அதை வைத்து என்ன செய்வது என்ற வாதமெல்லாம் வெற்றி கிடைத்த பிறகுதான் என்று அணுகுண்டைச் செய்த ஓப்பன்ஹைமர் 1954 விசாரணையில் ஒளிக்காமல் சொன்னார். அந்தக் குண்டு உருவான லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த இயற்பியலாளர் ஜோசப் ரோட்பிளாட், ஜெர்மனியிடம் அணுகுண்டு வராது என்று தெரிந்ததும் 1944 கடைசியில் வேலையை விட்டுவிட்டுப் போனார். இருவருக்கும் இயற்பியல் ஒரே மாதிரிதான் இனித்திருக்கும். நம்மைப் போன்ற பார்வையாளர்களின் பொறுப்பு இவர்களுடையதைவிட ரொம்பச் சின்னது. ஆனால் பூஜ்யம் இல்லை.

அப்படியானால் ரசிக்கும்போது எதைக் கவனிக்கலாம்? நான் பார்ப்பது ஒன்றைத்தான்: எந்த எண்கள் மனப்பாடமாக இருக்கின்றன என்று. ஆயுத ரசிகர்களுக்கு எண்கள் தண்ணீர்பட்ட பாடு. 14 மீட்டர், 12.5 டன், 25 டன் உந்துவிசை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். அதே வரிசையில் 20,000 என்ற எண்ணும் வந்தால் எனக்குக் குறை இல்லை. அவர் ராக்கெட்டை முழுசாகப் பார்க்கிறார். அந்த எண்ணைச் சொன்னதும் "அதெல்லாம் இப்ப எதுக்கு" என்று முகம் சுளித்தால், அவர் ரசிப்பது ராக்கெட்டை அல்ல, அதில் தனக்குப் பிடித்த பாதியை.

நாடுகளுக்கும் இந்தச் சோதனை வைக்கலாம். வி-2வின் முதல் வெற்றிகரமான ஏவுதல் நடந்தது 1942 அக்டோபர் 3. அதன் ஐம்பதாம் ஆண்டை 1992ல் பீனமுண்டேயில் விழாவாகக் கொண்டாட ஜெர்மானிய விண்வெளித் தொழில்துறை ஏற்பாடு செய்தது. பிரிட்டனிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் எதிர்ப்பு கிளம்பவே விழா கைவிடப்பட்டது. விண்வெளியின் பிறந்தநாள் என்று சொல்லிப் பார்த்தார்கள், எடுபடவில்லை. பிரான்சின் வடக்கே, செயின்ட் ஓமர் பக்கத்தில் வேறு மாதிரிச் செய்திருக்கிறார்கள். வி-2 ஏவுவதற்காக ஜெர்மானியர்கள் அங்கே ஒரு குன்றின்மேல் 71 மீட்டர் அகலத்தில், 5 மீட்டர் கனத்தில் கான்கிரீட் கூரை போட்டார்கள். அங்கிருந்து ஒரு ராக்கெட்கூடக் கிளம்பவில்லை. இன்று அது மியூசியம். உள்ளே வி-2 நிற்கிறது, கோளரங்கமும் இருக்கிறது. பிரான்சிலிருந்து மிட்டல்பாவ்-டோராவுக்கு அனுப்பப்பட்ட சுமார் 9,000 பேரைப் பற்றி ஆள் ஆளாகத் தேடி எழுதும் வேலையையும் அந்த மையம்தான் எடுத்துச் செய்து, 2020ல் நூலாகக் கொண்டுவந்தது.